கழுவிய இலைகள்

12.3.2014, புதன்

இலைகளில் எவ்வளவு சாம்பல் தூசி படிகிறது என்பதுதான் என் ஆய்வு. மழை நின்றதிலிருந்து தெர்மல் மின்நிலையத்துக்குப் போகிற ரோட்டோரப் புங்க மரங்களை யாரும் தொடாமல் பார்த்துக்கொண்டேன். இன்று இலை பறிக்கப் போனால் மரமெல்லாம் சொட்டச் சொட்ட நிற்கிறது. பக்கத்தில் தண்ணீர் லாரி. நாளை யாரோ பெரிய அதிகாரி இந்த வழியாக வருகிறாராம்.

கான்ட்ராக்டில் வேலை செய்யும் செல்வி ஹோஸும் கையுமாகச் சிரித்தாள். "நீங்க இலை பறிக்கிற மரம்னு தெரியுங்க. அதான் ரெண்டு தபா நல்லா கழுவிக்கினு இருக்கேன்." அவளை என்னவென்று திட்டுவது?

என் வழிகாட்டிப் பேராசிரியருக்குப் போன் செய்தேன். "அதனால என்னம்மா? அந்த இலையையே எடைபோடு. தூசி கம்மின்னு வந்தா எல்லாருக்கும் நல்லதுதானே?" என்றார்.

எந்த எல்லாருக்கும்? கேட்டிருக்க வேண்டும். ஆய்வேட்டில் அவர் கையெழுத்து வேண்டுமே! கழுவிய இலைகளையே பறித்தேன்.

தெர்மல் குவார்ட்டர்ஸில் இருக்கும் வீட்டுக்குத் திரும்பியதும், காலையில் துவைத்துக் காயப்போட்ட வெள்ளைத் துப்பட்டாவைக் கொடியிலிருந்து எடுத்து உதறினேன்; சாம்பல் தூசி பறந்தது. தும்மல் அடங்கவே இல்லை.

இதை எடைபோடச் சொல்ல ஒருவருமில்லை.