சத்தத்தை அமத்திப் பார்த்த யுத்தப் படங்கள்

மச்சான்,

நேற்றுப் பின்னேரம் கரண்ட் போனது. மருமகள் மெழுகுதிரி தேடி ஓடினாள். நான் எழும்பிப் போய் டிவியின் பிளக்கைப் பிடுங்கினேன்.

"கரண்டே இல்லை, பிறகேன் மாமா பிளக்கைக் கழட்டுறீங்கள்?" என்று கேட்டாள்.

கரண்ட் போனால் என் கை செய்யும் முதல் வேலை அதுதான். நீ கண்ணை மூடி ஒரு மழைக்காலமும் முடிந்துவிட்டது. கடைசியில் நீ சொன்ன விஷயம் என் மண்டைக்குள் ஏறிவிட்டது, கைக்கு மட்டும் இன்னும் ஏறவில்லை.

வெள்ளவத்தையில் நான் வாடகைக்கு இருந்த அந்த அனெக்ஸை நினைத்துப் பார். கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கையில் ஒற்றை அறை. ஒரு கட்டில், ஒரு டிவி, ஒரு பழைய டெக். சனிக்கிழமைகளில் நீ கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் ஏறி வருவாய், கையில் கசெட் நிறைந்த பையோடு. மாதா கோயில் திருவிழா, கலியாணம், செத்த வீடு, எதுவென்றாலும் அந்தப் பக்கம் உன் சவுண்ட் செட்தான். ஸ்பீக்கரில் காதை வைத்தே எந்த வயர் இளகியிருக்கிறது என்று சொல்லிவிடுவாய். அப்படிப்பட்டவனுக்குப் பைத்தியம் பிடித்தது யுத்தப் படங்களில். எனக்கும்தான். வெளியே ஒரு யுத்தம் நடந்துகொண்டிருக்க, உள்ளே இன்னொரு யுத்தத்தை வாடகைக்கு எடுத்துப் பார்த்த மடையர்கள் நாங்கள்.

முதல் கிழமையே மேல்மாடியில் இருந்த வீட்டுக்கார அன்ரி வந்து கதவைத் தட்டினார்.

"தம்பிமார், பாட்டெண்டா எவ்வளவும் போடுங்கோ. வெடிச் சத்தம் மட்டும் இந்த வீட்டுக்குள்ளயிருந்து வெளியில போகக் கூடாது. ஒழுங்கை முனையில ஆமிக்காரன் நிக்கிறான்."

அந்த ஒழுங்கையில் தமிழ் வீடுகள் எல்லாவற்றிலும் அதே வழக்கம்தான். பாட்டைச் சத்தமாகக் கேட்பார்கள், யுத்தப் படத்தைச் சத்தத்தை அமத்திவிட்டுப் பார்ப்பார்கள். சத்தத்தையே தொழிலாக வைத்திருந்த உனக்கு அது பெரிய தண்டனை. அதனால் நீயே வாயால் சத்தம் கொடுக்கத் தொடங்கினாய், குசுகுசுவென்று. நாக்கைச் சுழற்றி ஹெலிகொப்டர், கன்னத்தை உப்பி ஷெல், பல்லிடுக்கில் துவக்கு. ஒருவன் வயிற்றில் சூடு பட்டு விழுந்தால் அவனுடைய முனகலும் உன் பொறுப்பு. நான் சிரித்துவிடுவேன். "சிரிக்காதை, அவன் சாகிறான்" என்று உனக்குக் கோபம் வரும்.

திறமான யுத்தப் படம் எது என்பதுதான் எங்கள் தீராத வழக்கு. உன் கட்சி சத்தம், என் கட்சி முகம்.

"சத்தம் பிழைச்சா முழுப் படமும் பொய். கண்ணை மூடலாம், காதை மூடேலாது மச்சான்" என்பாய்.

புறக்கோட்டையில் குண்டு வெடித்த அன்றைக்கு நான் கண்டதை உனக்குச் சொன்னேன். எரிந்த பஸ், கை கால் போனவர்கள், கருகிய இறைச்சி மணம். அதற்கு நடுவில் சட்டை முழுக்க இரத்தத்தோடு ஒரு தோடம்பழ வியாபாரி. இரத்தம் அவருடையதா, பக்கத்தில் நின்றவருடையதா, தெரியாது. உருண்டு கிடந்த பழங்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, உடுத்திருந்த சாரத்தில் துடைத்து, உடைந்த வண்டிலில் அடுக்கிக்கொண்டிருந்தார். துடைக்கத் துடைக்கச் சாரத்து இரத்தம் பழத்தில் ஏறியது. அவர் மறுபடியும் துடைத்தார்.

"அந்த மனுசன்ர முகத்தை எடுத்தவன்தான் யுத்தப் படம் எடுத்தவன். அதுக்கு ஒரு சத்தமும் தேவையில்லை" என்றேன்.

அதைக் கேட்ட பிறகுதான் நீ, தமிழ் வீடுகளை உடைத்த கலவரத்தில் உனக்கு நடந்ததைச் சொன்னாய். பக்கத்து வீட்டுச் சிங்கள ஆட்கள் உன்னைத் தங்கள் கட்டிலுக்கடியில் ஒளித்து வைத்திருந்தார்கள். உன் வீட்டுக் கதவில் கோடரி விழுந்ததை அங்கே கிடந்து கேட்டாய். அலுமாரி விழுந்ததைக் கேட்டாய். உன் அப்பா கத்தியதைக் கேட்டாய், பிறகு அது கேட்கவில்லை.

"நான் ஒண்டும் காணேல்லை மச்சான். எனக்கு எல்லாம் காதாலதான்."

அதோடு வழக்கு முடிந்துவிடவில்லை. அடுத்த சனிக்கிழமையும் சண்டை பிடித்தோம், நீயும் அதைத்தான் விரும்பினாய்.

கரண்ட் போன அந்தச் சனிக்கிழமை நீ கொண்டுவந்தது ஒரு வெள்ளைக்காரப் படம். வழக்கம்போல முதலில் பாட்டுக் கசெட்டைப் போட்டு, சத்தத்தை உச்சத்தில் வைத்துக் கேட்டாய். பிறகு ரிமோட்டால் அமத்திவிட்டுப் படத்தைப் போட்டாய். சோளக் காட்டுக்குள் சிப்பாய்கள் பதுங்கிக் கிடக்கிறார்கள், எதிராளி நெருங்கி வருகிறான். முதல் வெடி வெடிக்கப்போகும் நேரம் பார்த்துக் கரண்ட் நின்றது. பொழுது சாயும் நேரம். அந்த வெடி எப்படிக் கேட்கும் என்று மங்கிய அறைக்குள் இருந்து வாதாடினோம். கரண்ட் திரும்பி வந்ததும் நீதான் டெக்கை ஓடவிட்டாய். கரண்ட் போய் வந்தால் அந்த டிவி அமத்தியபடி இராது, முன்பு வைத்த உச்சத்துக்கே போய்விடும். அதை நீ மறந்துவிட்டாய் என்று நினைத்தேன்.

அறை அதிர்ந்தது. இயந்திரத் துவக்கும் ஷெல்லும் ஆட்களின் அலறலும் ஒன்றாக வெடித்தன. மேல்மாடியில் அன்ரி கத்தினார். நீ கட்டிலில் ரிமோட்டைத் துழாவினாய். அதை எடுத்துக்கொண்டு நீ எழும்பவும், கதவைப் பிளந்துகொண்டு ஆமிக்காரன் உள்ளே விழவும் சரியாக இருந்தது. அவன் முதலில் கண்டது டிவிக்குள் தன்னை நோக்கிச் சுடும் ஒருவனை. சுட்டான். டிவி சிதறியது, கண்ணாடி என் நெற்றியைக் கிழித்தது. அடுத்ததாக அவன் கண்டது உன் கையிலிருந்த கறுப்புச் சாமானை. துவக்குப் பிடியால் உன் வலது காதில் அடித்தான். நீ விழுந்தாய். விழுந்த பிறகும் அதே இடத்தில் அடித்தான். எலும்பு உடைந்தது எனக்குக் கேட்டது. தரையில் கிடந்தபடி நீ சிங்களத்தில் சொல்லிக்கொண்டேயிருந்தாய்.

"மல்லி, பில்ம் எகக். பில்ம் எகக்."

தம்பி, இது படம், வெறும் படம்.

அவன் நிறுத்தினான். சிதறிய டிவியைப் பார்த்தான், ரிமோட்டைப் பார்த்தான். மீசை சரியாக முளைக்காத முகம். துவக்குப் பிடித்த கை உதறியது. "மம பய உணா" என்றான். பயந்துபோனானாம். அதற்குள் உன் இரத்தம் அவனுடைய சப்பாத்துவரை வந்துவிட்டது. பிறகு மற்றவர்கள் வந்து எங்கள் இருவரையும் தலைமுடியில் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். விசாரணை என்று சொல்லி அந்தக் காதிலேயே இன்னும் அடித்தார்கள். விடியத்தான் ஆஸ்பத்திரிக்கு விட்டார்கள்.

அங்கே கண் விழித்து நீ சொன்ன முதல் வார்த்தை எனக்கு மறக்காது.

"உண்மைச் சூடு சின்னச் சத்தம் மச்சான். பலகை முறியிற மாதிரி. படத்திலதான் பெரிசாப் போடுறாங்கள்."

நான் சிரித்தேன். நெற்றித் தையல் இழுத்தது.

வலது காது போய்விட்டது. இடது காதில் ஓயாத ஒரு கூவல். அப்படியிருந்தும் அடுத்த திருவிழாவுக்கு ஸ்பீக்கர் கட்டினாய். பூசை நடுவில் செட் ஊளையிட்டது. சனம் முழுவதும் காதைப் பொத்தியது, சுவாமி பிரசங்கத்தை நிறுத்தினார். எல்லாம் நன்றாகப் போகிறது என்ற நினைப்பில் நீ மட்டும் செட்டுக்குப் பக்கத்தில் சிரித்துக்கொண்டு நின்றாய். நான் ஓடிவந்து வயரைப் பிடுங்கினேன். என் முகத்தைப் பார்த்துத்தான் உனக்கு விளங்கியது. அத்தோடு செட்டை விற்றாய். அந்த ஆமிக்காரன் அன்றைக்கு என் கையில் அகப்பட்டிருந்தால் கொன்றிருப்பேன். அவனோடு சேர்த்துக் கரண்டையும் திட்டினேன், இத்தனை வருடமும் திட்டிக்கொண்டிருந்தேன்.

வெளியே யுத்தம் முடிந்தது, எங்கள் வழக்கு முடியவில்லை. இடது காதும் மங்கி, எல்லாப் படமும் உனக்கு அமத்திய படமாகிவிட்ட பிறகு நீ முகங்களைப் பார்க்கத் தொடங்கினாய். "சுடுறவன் எல்லாம் படத்தில வீரனா நிக்கிறான். அந்தப் பெடியன்ர கை உதறினதை ஒருத்தனாவது எடுத்திருக்கிறானா?" என்று கேட்டாய். என் கட்சிக்கு வந்துவிட்டாய் என்று நான் சீண்டினேன். "போடா, பாதிதான் வந்தனான்" என்றாய்.

கடைசிக் கிழமை உன் கட்டிலருகே இருந்து போனில் ஏதோ ஒரு யுத்தப் படத்தைக் காட்டினேன். நீ அதைப் பார்க்கவில்லை. என்னைக் கிட்ட வரச் சொன்னாய்.

"அண்டைக்குச் சத்தம் வரும் எண்டு எனக்குத் தெரியும்."

"எண்டைக்கு?" என்று உதட்டை அசைத்துக் காட்டினேன்.

"டிவியைச் சுட்ட அண்டைக்கு. தெரிஞ்சுதான் போட்டனான். அந்த முதல் வெடியை ஒருக்காக் கேக்க ஆசையா இருந்தது. கேட்டுட்டு உடன அமத்துவம் எண்டுதான் பாத்தன். ரிமோட் தலாணிக்குக் கீழ போயிட்டுது."

எனக்கு உன்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. சாகக் கிடப்பவனை அடிக்கவா முடியும்? எழும்பி வாசலுக்குப் போய் நின்றேன். ஒரு வெடியைக் கேட்பதற்காகக் காதையும் தொழிலையும் கொடுத்திருக்கிறாய், விசரா. கட்டிலுக்கடியில் கிடந்து கேட்டது போதாதா உனக்கு? திரும்பி வந்து, நல்லாக் கேட்டதா என்று இடது காதுக்குள் கத்தினேன்.

"கேட்டுது. திறமான சத்தம்" என்றாய். உன் முகத்தில் அப்படி ஒரு திருப்தி. அந்த முகத்தை எந்தப் படத்திலும் நான் கண்டதில்லை.

கரண்டில் பிழையில்லை என்று தெரிந்துகொண்டும் நேற்று என் கை பிளக்கைத் தேடிப் போனது. கரண்ட் வந்த பிறகு திருப்பிச் செருகினேன். ஏதோ ஒரு சானலில் யுத்தப் படம். இப்போது ஒழுங்கை முனையில் யாரும் நிற்பதில்லை, எவ்வளவு சத்தமும் வைக்கலாம். ஆனால் நான் அமத்திவிட்டுத்தான் பார்த்தேன். வாயால் சுட ஆளில்லை. பல்லிடுக்கில் நானே டக் டக் என்று சுட்டுப் பார்த்தேன். மருமகள் குசினியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

சரிவரவில்லை மச்சான். டிவியில் அவர்கள் சத்தமில்லாமல் விழுந்துகொண்டேயிருந்தார்கள்.