மேல்பாதி உப்பு

செப்டம்பர் 4, வியாழன்

இறால் தொட்டிக்கான உப்பு வந்துவிட்டது. இரண்டு கிலோ வாளி, முந்நூற்று நாற்பது ஸ்லோட்டி. போன வருஷம் இருநூற்றுத் தொண்ணூறு. ஏன் ஐம்பது ஏறியது என்று கூரியர்காரரைக் கேட்டேன். "நான் தூக்கிட்டு வர்றவன் பானி, விலை போடறவன் இல்ல." மரியாதைக்கு அம்மா என்கிற அந்த "பானி" மட்டும் குறையவில்லை. வாளியின் மூலை நசுங்கியிருந்தது. வழியெல்லாம் உதைத்துக்கொண்டே வந்திருப்பார் போல.

என்னைப்போலவே இறால் வளர்க்கிற மேல்வீட்டு கிளெமென்ஸ் முதுகுவலிக்காக சானடோரியத்தில் இருக்கிறார், திரும்ப இன்னும் பத்து நாள் ஆகும். பன்னிரண்டு வருஷமாக வாளியை நாங்கள் பாதிப்பாதிக் காசு போட்டு வாங்குகிறோம். திறப்பது மட்டும் அவர். கதவைச் சாத்திக்கொண்டு, நடையில் காலால் அதை உருட்டுவார், அரை மணி நேரம், என் தலைக்கு மேலே கடகடவென்று. பிறகுதான் என் பங்கு கீழே வரும். அந்த அரை மணி நேரத்தில் அங்கே என்ன நடக்கிறது? எனக்கு எப்போதுமே ஓர் உறுத்தல்.

அதனால் இன்று நானே பிரித்தேன். மருந்துக்கடையில் இருபத்தாறு வருஷம் நிறுத்த கை. கிராம் பிசகவில்லை. மேலே நல்ல பரல் பரலாக, சர்க்கரை மாதிரி. அடியில் வெறும் மாவு. மேல்பாதியை நான் எடுத்துக்கொண்டேன். எடை ஒன்றுதானே!

என் வீட்டுக்காரர் ஹூபெர்ட் பார்த்துக்கொண்டே டீ குடித்தார். "குழாய்த் தண்ணில இருக்கற சுண்ணாம்ப காசு குடுத்து எடுக்கற. அப்புறம் காசு குடுத்து திரும்பப் போடற. எனக்கு ஒரு தடவ விளக்கிச் சொல்லேன் செசியா."

நூறு தடவை சொல்லியாகிவிட்டது. அழகுக்கு வளர்க்கிற இந்தச் சிவப்பு வெள்ளை இறாலுக்கு எங்கள் போஸ்னான் நகரத் தண்ணீர் ஆகாது. எல்லாவற்றையும் வடிகட்டி எடுத்துவிட்டு, வேண்டியதை வேண்டிய அளவில் போட வேண்டும். ஒரு லிட்டர் சுத்தத் தண்ணீருக்கு மூன்று லிட்டர் சாக்கடைக்குப் போகிறது. அதற்கும் காசுதான்.

செப்டம்பர் 15

கிளெமென்ஸ் வந்துவிட்டார். அவர் பாதியைக் கொடுத்தேன். வாளிக்குள் பார்த்தார். "நீங்களே பிரிச்சுட்டீங்களா பானி செசிலியா?" அவ்வளவுதான். நன்றி சொன்னார், போய்விட்டார்.

அந்த "நீங்களே"வுக்கு என்ன அர்த்தம்?

செப்டம்பர் 28

முதல் சாவு. இரண்டாவது தொட்டியில், முதுகின் குறுக்கே வெள்ளை வளையத்தோடு. ஓடு கழற்ற முயன்று பாதியில் நின்றுவிட்டது. டி.டி.எஸ். மீட்டரை விட்டுப் பார்த்தேன், நூற்றெண்பது. இருக்க வேண்டிய அளவு. வயதாகியிருக்கும்.

அக்டோபர் 5

வயதெல்லாம் இல்லை. இந்த வாரம் நான்கு.

இன்னொன்று. சுத்தத் தண்ணீர் கேனில் தினமும் இரண்டு லிட்டர் குறைகிறது. மூன்று நாள் நீர் மட்டத்தில் கோடு போட்டுக் கண்காணித்தேன். இன்று காலை கையும் களவுமாக மாட்டினார். ஹூபெர்ட்! கெட்டிலில் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"இதுல போட்டா கெட்டில்ல கல்லு படியல செசியா. டீயும் தெளிவா வருது."

"எத்தனை நாளா?"

"நாளா? ஈஸ்டர்ல இருந்து."

நாற்பது வருஷம் பேருந்துப் பணிமனையில் வேலை பார்த்த மனுஷன், முகத்தில் ஒரு அசைவு இல்லாமல் சொல்கிறார். நான் நிமிஷத்துக்கு நாற்பது சொட்டு எண்ணி வடித்த தண்ணீர். ஆனால் இறால் சாவதற்கு இவர் காரணமில்லை. எடுக்கத்தான் செய்தார், எதையும் போடவில்லை. கேட்டுவிட்டேன், இரண்டு முறை.

அக்டோபர் 12

எழுபதுக்கு மேல் இருந்தன. இன்று நாற்பத்தொன்று.

உப்புதான். வேறு என்ன? ஆனால் உப்பு என்றால் மேல்வீட்டிலும் சாக வேண்டுமே. படியேறிப் போய் அழைப்பு மணி அடித்தேன். கிளெமென்ஸ் கதவைப் பாதிதான் திறந்தார். பன்னிரண்டு வருஷத்தில் ஒரு நாள்கூட அவர் என்னை வாசலில் நிறுத்தியதில்லை.

"உங்க இறாலெல்லாம் எப்படி இருக்கு பான் கிளெமென்ஸ்?"

"இருக்கு, இருக்கு. நல்லா இருக்கு."

"பார்க்கலாமா?"

"வீடெல்லாம் குப்பையா கிடக்கு பானி. இன்னொரு நாள்."

குப்பையா? செருப்பைக்கூட அளவெடுத்து நேராக வைக்கிற மனுஷன்!

அக்டோபர் 19

இன்று இரண்டு சாவு. முட்டையோடு ஒன்று.

அக்டோபர் 26

கீழே காகிதக் குப்பைத் தொட்டியில் ஓர் அட்டைப்பெட்டி. சின்ன டின் உப்பு வாங்கிய பெட்டி. மேலே அவர் பெயர். (தேடவில்லை. மேலேயே கிடந்தது. சரி, இரண்டு பீட்சா அட்டைக்குக் கீழே கிடந்தது.)

அந்த டின் இருநூறு கிராம், எழுபத்தைந்து ஸ்லோட்டி. கையில் ஒரு கிலோ வைத்திருக்கிற, காசை எண்ணிச் செலவழிக்கிற போஸ்னான்காரர் எதற்கு அந்த விலைக்குச் சின்ன டின் வாங்குவார்? அந்த வாளி உப்பில் ஏதோ கோளாறு என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் என்னிடம் சொல்லவில்லை. என் இறால் சாகட்டும், அவருடையது பிழைக்கட்டும். வசந்தத்தில் கிளப் கண்காட்சியில் யாருக்குப் பரிசு? பன்னிரண்டு வருஷமாக இரண்டாம் இடம் வாங்குகிற கிளெமென்ஸுக்கு.

ஹூபெர்ட்டிடம் சொன்னேன். "நீ மருந்துக்கடைல இருந்திருக்கக் கூடாது, போலீஸ்ல இருந்திருக்கணும்" என்றார்.

நவம்பர் 1, சனி

புனிதர் எல்லாருக்குமான திருநாள், கல்லறைக்குப் போகிற டிராமில் கூட்டம். எல்லார் மடியிலும் மெழுகு விளக்கும் செவ்வந்தியும். எதிரே கிளெமென்ஸ், மனைவியின் கல்லறைக்கு வாங்கிய நான்கு விளக்கோடு. மெலிந்துவிட்டார். பாவமாக இருந்தது, ஒரு நிறுத்தம் வரைக்கும்.

"உங்க இறால் எப்படி பானி?"

"பிரமாதம்" என்றேன்.

இருபத்தாறு மீதி.

நவம்பர் 11

மார்ட்டின் திருநாள். காலையில் கதவுக் கைப்பிடியில் ஒரு பை, உள்ளே இரண்டு ரோகல், இந்த நாளுக்கென்றே சுடுகிற பிறை வடிவ இனிப்பு ரொட்டி. அசல், வெள்ளைக் கசகசா அடைத்தது, கிலோ அறுபதுக்குக் குறையாது. சீட்டில் "மேல்வீட்டிலிருந்து" என்று எழுதியிருந்தது.

எதற்கு? குற்ற உணர்ச்சிதானே? நான் தொடவில்லை. ஹூபெர்ட் இரண்டையும் தின்றுவிட்டு, "குற்ற உணர்ச்சி ரொம்ப ருசியா இருக்கு" என்று விரலை நக்கினார்.

நவம்பர் 14, வெள்ளி

ஆதாரம் கிடைத்துவிட்டது.

மீட்டர் எவ்வளவு கரைந்திருக்கிறது என்று மட்டும்தான் சொல்லும், என்ன கரைந்திருக்கிறது என்று சொல்லாது. அதனால் சொட்டுச் சோதனை வாங்கினேன், கால்சியத்துக்கு ஒன்று, மெக்னீசியத்துக்கு ஒன்று, தொண்ணூற்றைந்து ஸ்லோட்டி தண்டம். என் தண்ணீரில் கால்சியம் இல்லை என்றே சொல்லலாம். முழுக்க மெக்னீசியம்.

பிறகு எல்லா வீட்டுக்கும் பொதுவான நிலவறைக்குப் போனேன். கிளெமென்ஸ் உப்புக் கலந்த தண்ணீரை அங்கேதான் கேனில் வைப்பார். ஊசிக்குழாயில் இருபது மில்லி எடுத்தேன். திருட்டுத்தான், எழுதி வைக்கிறேன். அதில் கால்சியம் இரண்டு மடங்கு!

என் பங்கு உப்பு டப்பாவையும் நான் அங்கேதான் வைத்திருந்தேன்; ஆக, அப்போது உப்பை மாற்றியிருக்கிறார். என் கால்சியம் அவரிடம். இரண்டிரண்டு படியாக ஏறினேன். ரொட்டி வாங்கிக்கொண்டு அவரும் அப்போதுதான் வந்தார், இரண்டாம் மாடித் திருப்பத்தில் பிடித்துக்கொண்டேன். என்ன பேசினேன் என்று முழுக்க எழுத முடியவில்லை. "திருடன்"னு சொன்னேன். "பன்னெண்டு வருஷம் நம்பினேனே, வெட்கமா இல்லையா உங்களுக்கு"ன்னு கத்தினேன். நம்பினேனா நான்? முதல் மாடிக் கதவு திறந்து மூடியது.

அவர் ரொட்டிப் பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். "சரி பானி செசிலியா" என்றார். மேலே போய்விட்டார்.

ஏன் மறுக்கவில்லை? குற்றவாளி அல்லவா, அதான்.

நவம்பர் 16, ஞாயிறு

கிளப்புக்குப் புகார் எழுத உட்கார்ந்தேன். வாளியின் பெயர், தொகுதி எண் எல்லாம் வேண்டுமே. காலி வாளியை கிளெமென்ஸ் நிலவறையில் போட்டிருந்தார், எடுத்து வந்தேன். கூரியர் ஸ்டிக்கரைப் பிய்த்தால் அடியில் சின்ன எழுத்து. பன்னிரண்டு வருஷமாக வாங்குகிற பொருளின் லேபிளை யார் படிக்கிறார்கள்?

"போக்குவரத்தில் பரலும் தூளும் பிரிந்துவிடும். திறக்கும் முன் நன்றாக உருட்டிக் கலக்கவும்."

மூன்று முறை படித்தேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை.

அந்தக் கடகட சத்தம். அரை மணி நேரம்.

நான் யார்? பொடி மருந்தைக் கலக்காமல் ஒரு பொட்டலம் மடித்ததில்லை, இருபத்தாறு வருஷத்தில் ஒன்றுகூட இல்லை. என் வீட்டுச் சமையலறையில், அடுத்தவர் அள்ளிவிடுவாரோ என்ற அவசரத்தில், மேலே இருந்த பரலை அப்படியே வழித்து எடுத்துக்கொண்டேன். மாவுதானே என்று அடியில் கிடந்த கால்சியம் முழுவதையும் அவர் தலையில் கட்டினேன். ஒன்றையும் யாரும் மாற்றவில்லை. நான்தான். நானேதான்.

ஹூபெர்ட் எட்டிப் பார்த்தார். முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கிண்டல் செய்யவில்லை. அது இன்னும் மோசம்.

நவம்பர் 18

சொல்ல வேண்டும். நாளைக்கு.

நவம்பர் 20

நாளைக்கு.

நவம்பர் 22, சனி

என் பெயர் நாள், என் பெயர்கொண்ட புனிதரின் திருநாள், இங்கே பிறந்தநாளைவிடப் பெரிது. அழைப்பு இல்லாமல் வருவதுதான் வழக்கம், வராமல் இருப்பதுதான் சேதி. கிளெமென்ஸுக்கு நாளைக்குப் பெயர் நாள். அவர் இன்று கேக் கொண்டுவருவார், மீதியை நாளை நாங்கள் மேலே எடுத்துப் போவோம், பன்னிரண்டு வருஷமாக அப்படித்தான். மருந்துக்கடைத் தோழிகள் வந்தார்கள், பூ வந்தது. ஒன்பது மணி வரை மேல்வீட்டுக் காலடி கேட்டுக்கொண்டிருந்தது. கீழே இறங்கி வரவில்லை.

நவம்பர் 23, ஞாயிறு

போனேன். தனியாக. ஹூபெர்ட்டை வேண்டாம் என்றேன்.

பெயர் நாளன்று வருகிறவரை யாரும் வாசலில் நிறுத்த முடியாது, அதுவும் எனக்குத் தெரிந்தே போனேன். டை கட்டியிருந்தார். மேஜையில் நான்கு தட்டு, ஒருவரும் இல்லை. என்னைப் பார்த்து விலகி வழிவிட்டார்.

தொட்டிகள் அந்த அறையில்தான். மூன்றிலும் விளக்கு எரிந்தது, மூன்றிலும் தண்ணீர் கண்ணாடி மாதிரி. நத்தைகள் மட்டும் நகர்ந்தன.

"எப்போ?"

"அக்டோபர்லயே பானி. கடைசியா ஒரு டின் வாங்கிப் பாத்தேன். காலம் கடந்துபோச்சு."

"நல்லா இருக்குன்னு சொன்னீங்களே!"

"பங்கு போட்டது நீங்க. செத்துப்போச்சுன்னா உங்கள குத்தம் சொன்ன மாதிரி ஆயிடும். அதான் உள்ள விடல."

"என் மேல சந்தேகமே வரலயா?"

"வந்துச்சு. அடில மாவா கிடந்துச்சே, வேற என்னத்தையோ போட்டுக் குடுத்துட்டாங்களோன்னு பத்து நாள் தூங்கல. அப்புறம், போதும்டா கிளெமென்ஸ்னு போய் ரோகல் வாங்கினேன்."

அப்போது சொன்னேன். எல்லாவற்றையும். லேபிளை, உருட்டாததை, வேண்டுமென்றே மேல்பாதியை எடுத்ததை, ஊசிக்குழாயை. "நீங்க உருட்டறதப் பாத்து திருடறீங்கன்னு நெனச்சேன், பன்னெண்டு வருஷமா" என்றேன். அழுதுவிட்டேன், அசிங்கமாக, மூக்கெல்லாம் ஒழுக.

அவருக்கு வலித்திருக்கிறது, பார்த்தாலே தெரிந்தது. பிறகு கேக்கையும் கத்தியையும் என் பக்கம் நகர்த்தினார்.

"நீங்களே வெட்டுங்க பானி. ஆனா இந்தத் தடவ மொதல்ல நான் எடுத்துக்கறேன்."

பெரிய துண்டை எடுத்துக்கொண்டார். உரிமையோடு.

நவம்பர் 24

மீதமிருந்த இரண்டு பங்கையும் பழைய வாளியிலேயே கொட்டினோம். சரிபாதி மீதி இருக்குமா என்று மனசு ஒரு நொடி கணக்குப் போட்டது. வாயை மூடிக்கொண்டேன். அவர் நடையில் நானும் உருட்டினேன். முழங்கால் போய்விட்டது.

டிசம்பர் 7

பதினான்கு பிழைத்திருக்கின்றன. ஏழு இறாலை மேலே கொண்டுபோனேன். நல்ல சிவப்பாகப் பார்த்துப் பிடித்தேன், பிறகு நல்ல சிவப்பாகவே பிடித்துவிட்டேனோ என்று கொஞ்சம் வயிறெரிந்தது. கொடுத்துவிட்டேன்.

டிசம்பர் 27, சனி

கிளெமென்ஸ் கிறிஸ்துமஸ் பண்டிகைக்கு ஷ்செச்சின் நகரில் மகள் வீட்டில். சாவி என்னிடம். ஆவியாகிற தண்ணீருக்கு ஈடாகச் சுத்தத் தண்ணீர் ஊற்ற வேண்டும், உப்பில்லாமல், தினமும் ஒரு குவளை.

அலமாரிக் கதவு திறந்திருந்தது. பார்க்கவில்லை. சரி, பார்த்தேன். சட்டைகள்தான்.

மாலை கடையிலிருந்து நேராக நான் அங்கே ஏறியபோது அவரே போன் செய்தார். அங்கே குழந்தைகள் சத்தம்.

"எப்படி இருக்கு பானி?"

"ஏழும் இருக்கு. ஒண்ணு முட்டை வெச்சிருக்கு."

"சரி. ஹூபெர்ட்டுக்கு என் வணக்கம் சொல்லுங்க" என்று வைத்துவிட்டார்.

எந்தத் தொட்டியில், எத்தனை முட்டை, நிஜமாகவா, ஒன்றுமே கேட்கவில்லை. நான் சொன்னேன், அவர் நம்பிவிட்டார். கோட்டைக்கூடக் கழற்றாமல் அவர் நாற்காலியிலேயே ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.