பீரோவுக்குப் பின்னால் உள்ள சுவர்

காயல்பட்டினம்,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள மச்சானுக்கு பாத்திமா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். கால்வலி குறைந்ததா? நான் வீட்டுப் பேச்செடுத்தாலே வேலையில் இருப்பதாகச் சொல்லிப் போனை வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் கடிதம்.

செவ்வாய்க்கிழமை அசர் தொழுகைக்குப் பிறகு மறுபடியும் பூமி ஆடியது. இந்த மாதத்தில் மூன்றாவது முறை. நான்கைந்து நொடிதான், அலமாரித் தட்டுகள் கிலுங்கி அடங்கின. முதல் முறை சொன்னபோது, "லாரி போயிருக்கும் புள்ள" என்றீர்கள். நம் தெருவில் லாரி நுழையாது என்பதுகூட மறந்துவிட்டதா? இதை வந்து பார்க்கச் சொல்லித் தாலுகா ஆபீசில் மனுக் கொடுக்கப் போனால், "ஒங்க வீட்டுக்கு மட்டும் தனியா வருதாம்மா?" என்று சிரித்தார்கள். பாளையங்கோட்டையில் மூன்று வருஷம் புவியியல் படித்தவள் நான். நிற்கும் தரையையே நம்ப முடியாமல் போவதைப் பற்றி எந்தப் பாடத்திலும் இல்லை. இப்போதெல்லாம் மிக்சி ஓடினாலும் சுவரைத் தொட்டுப் பார்க்கிறேன்.

நடு அறைச் சுவரில் விரிசல் விட்டிருக்கிறது. ஹெப்ரான் கொத்தனார் வந்து பார்த்தார். "பூச்சு வெடிப்பு இல்லக்கா, வெரலு உள்ள போவுது. இதுமேல மாடி எழுப்புனா, கட்டுனது யாருன்னு கேட்டா எம் பேரச் சொல்லிராதீங்க" என்றார்.

நம் மகள் அஃப்ராவின் நிக்காஹுக்கு முன் மாடி கட்டச் சொல்கிறீர்கள். நம் ஊரில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வாழ வருவார், அவர்களுக்குத் தனி அறை வேண்டும் என்பது எனக்குத் தெரியாதா? இது என் வாப்பா எனக்குக் கட்டித் தந்த வீடு.

ஒன்றை உங்களிடம் மறைத்துவிட்டேன். மாப்பிள்ளையின் உம்மா வீடு பார்க்க வந்த அன்று, விரிசல் தெரியாமல் இருக்கப் பீரோவை இழுத்து வைத்தேன். அஃப்ராவும் ஒரு கை பிடித்தாள். அந்த உம்மா பக்கத்துச் சுவரைத் தட்டிப் பார்த்து, "பழைய கட்டு, பாறையாட்டம் இருக்கு" என்று மனம் நிறைந்து போனார். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு விரிசல் பீரோவையும் தாண்டி மேலே ஏறிவிட்டது. அஃப்ரா அண்ணாந்து பார்த்துவிட்டு, "இன்னும் ஒசரமான பீரோவா வாங்குவோமா உம்மா?" என்றாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். என்னால் முடியவில்லை.

நான் சொன்னால் மாடி கட்டாமல் இருக்கச் சாக்கு என்பார்கள். நீங்களே மாப்பிள்ளையின் வாப்பாவைக் கூப்பிடுங்கள். சுவரை இடித்துக் கட்ட வேண்டும், அதுவரை பொறுப்பீர்களா என்று கேளுங்கள். பீரோவைப் பற்றியும் சொல்லிவிடுங்கள். அவர்கள் மாட்டோம் என்றால் என்ன ஆகும் என்று நான் யோசிக்காமல் எழுதவில்லை.

நீங்கள் அங்கே வெளிநாட்டில் பதினெட்டாவது மாடியில் படுக்கிறீர்கள். அந்தக் கட்டடத்தை அல்லாஹ் அசையாமல் காக்கட்டும். நானும் அஃப்ராவும் முற்றத்தில் பாய் விரித்துப் படுக்கிறோம். மழை தொடங்குவதற்குள் பேசிவிடுங்கள்.

உங்கள்
மைதீன் பாத்திமா