லேசர் வாரத்தில் முடிந்த நிக்காஹ் பேச்சு

ஹாம்பர்க்
4 மார்ச் 2024

அன்புள்ள வாப்பாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

போனில் பேசினால் ரெண்டு பேரும் கத்துவோம், அதனால் எழுதுகிறேன். ஹேவ்லாக் தீவு அன்வருக்கு என்னைக் கொடுப்பதாக வார்த்தை கொடுத்துவிட்டீர்களாமே, உம்மா சொன்னார். நான் எப்போது சரி என்றேன்? உங்கள் வாய்ஸ் மெசேஜ் வந்தது எங்கள் ஆய்வுக்கு லேசர் கிடைத்த வாரம். வருஷத்துக்கு ஒரு தடவைதான் கிடைக்கும். போனை லாக்கரில் பூட்டிவிட்டு ஆய்வுக்கூடத்திலேயே கிடந்தேன். எனக்கு இதில் சம்மதம் இல்லை. அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

உங்கள் மகள்
அஸ்ரின்

போர்ட் பிளேயர்
22 மார்ச் 2024

மகள் அஸ்ரினுக்கு, வ அலைக்கும் ஸலாம்.

பிடிக்கவில்லை என்றால் வெள்ளிக்கிழமைக்குள் சொல் என்றேன். நீ வாய் திறக்கவில்லை. குமருப் பிள்ளை பேசாமல் இருந்தால் சரி என்றுதானே நம் ஆட்கள் எடுத்துக்கொள்வோம்? எங்கள் நிக்காஹ் பேசிய அன்றைக்கு உன் உம்மாவும் அப்படித்தான் இருந்தாள். ஜமாத்துப் பெரியவர்கள் முன்னால் பேசி முடித்தாயிற்று.

இங்கே குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர். டேங்கர்காரனிடம் தொங்குகிறோம். நீ என்னடாவென்றால் ஜெர்மனியில் தண்ணீருக்குப் போட்டோ பிடிக்கிறாய். வேலையை விட்டுவிட வேண்டும் என்கிறார்கள் அன்வர் வீட்டில். ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து நிக்காஹ், பக்கா. வராவிட்டால் எனக்கு எழுதாதே.

வாப்பா
முபாரக்

ஹாம்பர்க்
8 ஏப்ரல் 2024

வாப்பாவுக்கு, ஸலாம்.

எழுதாதே என்றீர்கள், எழுதுகிறேன்.

ஆமாம், தண்ணீருக்குத்தான் போட்டோ. கண்ணுக்கே தெரியாத துளிகளைப் பாயவிட்டு எக்ஸ்ரே லேசரால் அடிக்கிறோம். துளி சிதறிவிடும். சிதறுவதற்குள் அதன் உருவம் பதிவாகிவிட வேண்டும். பெரும்பாலும் துளி பதியாத வெறும் படம்தான் வரும். அந்த வெறும் படத்தைக் காட்டி, இதோ துளி இருக்கிறது என்று நான் சொன்னால் என்னை வெளியே அனுப்பிவிடுவார்கள். நீங்கள் செய்தது அதுதான் வாப்பா.

உம்மா அன்றைக்குப் பேசாமல் இருந்தாரே, அது சம்மதம்தானா என்று இப்போதாவது கேளுங்கள். நான் வரமாட்டேன். வேலையையும் விடமாட்டேன்.

அஸ்ரின்

போர்ட் பிளேயர்
30 ஏப்ரல் 2024

அஸ்ரினுக்கு, ஸலாம்.

உன் உம்மாவிடம் கேட்டேன். நிமிராமல் மீன் அலசிக்கொண்டிருந்தாள். அதை என்னவென்று எடுத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. அன்றைக்கு நான் கடையைத் திறக்கவில்லை.

அன்வரின் வாப்பாவை வீட்டுக்குக் கூப்பிட்டு, என் மகளுக்குச் சம்மதமில்லை, நான்தான் தப்பாக எடுத்துக்கொண்டேன் என்றேன். அப்படியானால் காலேஜ் படிக்கும் உன் தங்கை ஜஸீலாவைக் கொடுக்கச் சொன்னார். ஜஸீலா கதவோரம் நின்றாள். "பிள்ளை பேசாமல்தானே நிற்கிறது, அப்புறமென்ன?" என்றார். அவள் வாயால் சொல்லட்டும் என்றேன்.

"முடியாது" என்றாள். அந்த மனுஷன் டீயைத் தொடாமல் எழுந்து போனார். ஜமாத்தில் பாதிப் பேர் இப்போது எனக்கு முகம் கொடுப்பதில்லை. கொடுக்காவிட்டால் போகட்டும்.

உன் மேல் கோபம் போக நாளாகும். நீ உன் வேலையைப் பார்.

வாப்பா