ஏழாவது படத்தின் ஈரத்துணி

அன்பு மகள் முனீஸ்வரிக்கு,

அம்மா எழுதுவது. சின்னாளபட்டியில் நானும் அப்பாவும் சாயப்பட்டறையும் சுகமாக இருக்கிறோம், மாண்ட்ரியலில் நீயும் அந்தப் பனியும் ஒருவரையொருவர் அனுசரித்துப் போகிறீர்களா என்று தெரியப்படுத்து. அப்பாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை, ஆனால் வைத்தியர் சொன்னதைக் கேட்டதால் இல்லை, நான் பட்டறைப் படியில் உட்காரவிடாததால். உன் அத்தை மகள் பானுப்ரியா பாக்கி வைத்திருந்த இரண்டு பரீட்சையில் ஒன்றைத் தேறிவிட்டாள், இன்னொன்று கிடக்கிறது. போனில் சொல்ல வேண்டியதற்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய், போனில் நான் ஆரம்பித்தாலே நீ சரிம்மா சரிம்மா என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான். பானு இதைப் படம் பிடித்து உனக்கு அனுப்புவாள், படிக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன், எப்படியும் படிப்பாள், படித்துவிட்டுப் போகட்டும்.

போன வாரம் நீ பேசினாய் அல்லவா, அதிலிருந்து தொடங்குகிறேன். ஆறு வருஷமாக ஒரே வீரன், ஒரே சண்டை, அவன் முதுகில் தொங்குகிற துணியைக் கம்ப்யூட்டரில் அசைய வைப்பதுதான் என் வேலை, எட்டாவது படத்துக்கும் இருக்கிறாயா என்று கேட்கிறார்கள், மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும், எனக்குச் சலித்துவிட்டது என்று சொன்னாய். நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை, எல்லாம் ஒரே படம்தானே தாயி, வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிடு, திண்டுக்கல்லிலேயே ஒரு வேலை பார்த்துக்கொள்ளலாம் என்றேன். அதற்கு நீ, "நீ ஒரு படமாச்சும் பாத்திருக்கியாம்மா" என்று கேட்டாய். கோபமாகக் கேட்டிருந்தால் நானும் பதிலுக்குப் பேசியிருப்பேன். நீ கோபப்படவே இல்லை. அதுதான் எனக்கு உறுத்தியது. உன்னுடைய நாலு படம் திண்டுக்கல்லுக்கு வந்து போயிருக்கிறது, பஸ் ஏறினால் அரை மணி நேரம், நான் ஒன்றுக்கும் போகவில்லை. போகாமலேயே எல்லாம் ஒன்றுதான் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டேன்.

அதனால் ஞாயிற்றுக்கிழமை பட்டறையைப் பூட்டிவிட்டு மூன்று பேரும் ஏழாவது படத்துக்குப் போனோம். பானு பஸ்ஸிலேயே முன்கதை ஆறையும் சொல்லி முடித்துவிட்டாள். அப்பா அதைக் கேட்டுவிட்டு, ஆறுக்கும் ஒரே கதைதானே, வானம் பிளக்கும், ஊர் இடியும், இவன் பறந்து வந்து காப்பாற்றுவான், இதற்கு எதற்கு ஏழு என்று கேட்டார். பானு விடவில்லை, மாமா, நடப்பது ஒன்றாக இருக்கலாம், அவன் ஒருத்தனாக இல்லை, முதல் படத்தில் திமிர் பிடித்துத் திரிந்தவன் இதில் எப்படி ஆகிவிட்டான் பாருங்கள் என்று மல்லுக்கு நின்றாள். தினமும் அதே இட்லிக்கு அதே தக்காளிச் சட்னி இல்லாவிட்டால் முகம் தூக்குகிறவர் இதைப் பேசலாமா என்று நானும் கேட்டேன். அதற்கு அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

உள்ளதைச் சொல்கிறேன், அப்பா சொன்னதும் பொய்யில்லை. நம் சிறுமலை அளவுக்கு ஒன்று வானத்திலிருந்து இறங்கியபோது நான் வாயைப் பிளந்து பார்த்தேன், இப்படியும் மனுஷனால் செய்ய முடியுமா என்று மலைத்துப்போனேன், ஆனால் மூன்றாம் தடவை கட்டடம் சரிந்தபோது கொட்டாவி வந்துவிட்டது. அந்த ஊர்க்காரர்கள் பாவம், எத்தனை தடவைதான் வீடு கட்டுவார்கள். வேற்றுக் கிரகத்து வில்லன் மதுரைக்காரன் மாதிரி சவடால் பேசுகிறான், ஜனம் விசிலடிக்கிறது. நான் மட்டும் அந்த மயில்கழுத்துக் கலர் துணியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பறக்கும்போது அது காய்ந்த துணியாகப் படபடத்தது, அவன் திமிராக நிற்கும்போது அதுவும் விறைப்பாக நின்றது. நடிகர் வெறும் தோளோடு நடித்துவிட்டுப் போகிறார், துணி முழுக்க நாங்கள் செய்வது என்று நீ எப்போதோ சொன்னாய், நான் காதில் வாங்காமல் வெஞ்சனத்துக்குக் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

பிறகு அந்த இடம் வந்தது. அணை உடைந்து அவன் தம்பி தண்ணீரில் மாட்டிக்கொள்கிறான், ஊரையெல்லாம் காப்பாற்றியவன் தம்பியிடம் மட்டும் நேரம் கழித்துப் போய்ச் சேருகிறான். உடலைக் கரையில் கிடத்திவிட்டு எழுந்து நிற்கிறான். பாட்டு இல்லை, பேச்சு இல்லை, அவன் அழவும் இல்லை. நனைந்த துணி கனத்து அவன் தோளைப் பின்னால் இழுக்கிறது, தண்ணீர் எல்லாம் ஒரு முனைக்கு இறங்கிச் சொட்டுகிறது, துணி அவன் காலோடு ஒட்டிக்கொள்கிறது. அவன் இரண்டடி நடந்து, குனியாமல், இடது கையால் முழங்காலுக்கு மேலே அதைப் பிடித்து விலக்கி, ஒரு உதறு உதறிவிட்டு மேலே நடந்தான். அதுவரை கத்திக்கொண்டிருந்த தியேட்டர் அப்படியே அடங்கிவிட்டது. அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏ அழகு, அது நீயில்ல?" என்றார்.

நான்தான். உன் ராஜ்கமல் மாமா பைக்கில் போய் லாரியில் அடிபட்ட அன்று நான் தண்ணீரில் அலசிய சேலையை உலர்த்திக்கொண்டிருந்தேன், மறுமுனையை நீ பிடித்திருந்தாய், உனக்கு எட்டு வயது. கூடப் பிறந்த ஒரே தம்பி போய்விட்டான் என்று ஆள் வந்து சொன்னபோது நான் அழவில்லை. சேலையை உதறிக் கொடியில் போட்டேன், காலில் ஒட்டிய என் சேலையை அதே மாதிரி இடது கையால் விலக்கி உதறிவிட்டு வீட்டுக்கு நடந்தேன். கல்நெஞ்சக்காரி, தம்பி செத்த அன்றைக்கும் சேலை காயப் போட்டாள் என்று சொந்தக்காரர்கள் இன்றுவரை சொல்கிறார்கள். சொல்லிச் சொல்லி நானும் அப்படித்தானோ என்று நினைத்துவிட்டேன். அன்று நீ என்னை இவ்வளவு கவனித்துப் பார்த்தாய் என்பதே எனக்குத் தெரியாது தாயி. முன்பின் தெரியாத இருநூறு முந்நூறு பேர் அவன் அழாததைப் பார்த்து அழுதார்கள், எனக்குப் பக்கத்தில் இருந்த மீசைக்காரர் துண்டால் முகத்தைத் துடைத்தார். ஒருத்தரும் அவனைக் கல்நெஞ்சக்காரன் என்று சொல்லவில்லை. இருபத்திரண்டு வருஷமாக என்னால் யாருக்கும் சொல்ல முடியாததை நீ ஒரு துணியை வைத்துச் சொல்லிவிட்டாய்.

படம் முடிந்து பெயர்கள் ஓடியபோது ஒருவரும் எழுந்திருக்கவில்லை. பாடுபட்டவர்கள் பெயரைப் படிக்க இவ்வளவு மரியாதையாக உட்கார்ந்திருக்கிறார்களே என்று நெகிழ்ந்துபோய், பக்கத்து மீசைக்காரரிடம் என் மகள் முனீஸ்வரி பெயரும் வரும் என்று சொல்லிவிட்டேன். கடைசியில் அடுத்த படத்துக்கு ஒரு துண்டுக் காட்சி போடுவார்களாம், அதற்குத்தான் காத்திருக்கிறார்களாம், பானு வெளியே வந்து விழுந்து விழுந்து சிரித்தாள். ஆனால் உன் பெயர் வந்ததும் அந்த மீசைக்காரர்தான் முதலில் கை தட்டினார். அப்பா எழுந்தே நின்றுவிட்டார், பின்னாலிருந்து பெருசு உக்காரு என்று கத்தினார்கள், அவருக்குக் காதில் விழவில்லை.

சலித்துவிட்டது என்றால் வந்துவிடு, உன் அறை அப்படியே இருக்கிறது, ஒரு கேள்வி கேட்க மாட்டேன். ஆனால் எல்லாம் ஒன்றுதான் என்று அம்மா சொன்னாளே என்பதற்காக வராதே, அந்தப் பேச்சை நான் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். வெள்ளிக்கிழமை தவறாமல் எண்ணெய் தேய்த்துக் குளி, ஈரத்தலையோடு பனியில் இறங்காதே. அம்மன் உன் கைக்கும் கண்ணுக்கும் குறை வைக்க மாட்டாள், அப்பாவும் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார். எட்டாவது படத்துக்கு முதல் நாளே போவதென்று மூன்று பேரும் முடிவு செய்திருக்கிறோம், நீ இருந்தாலும் இல்லாவிட்டாலும். அந்தத் துணியை வேறு யாராவது செய்திருந்தால் எனக்குத் தெரிந்துவிடும்.

உன் பிரியமுள்ள அம்மா,
ஆ. அழகம்மாள்