சாம்பிளுக்காக ஒரு மன்றாட்டு

ஆம்பூர்,
வியாழக்கிழமை.

அன்புள்ள பரிதிக்கு,

மெர்சி எழுதிக்கொள்வது. நானும் அத்தையும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். எத்தியோப்பியாவில் குளிர் எப்படி, சாப்பாடு எப்படி என்றெல்லாம் அத்தை நேற்றே போனில் உங்களைக் குடைந்துவிட்டார், அதனால் நான் மறுபடி கேட்கவில்லை. தினம் பேசுகிறவள் எதற்குக் காகிதத்தில் எழுதுகிறாள் என்று நீங்கள் நினைப்பீர்கள். அத்தையும் அதையேதான் கேட்டார். கல்யாண நாள் வருகிறதே, அதற்கு என்று சொல்லிவிட்டேன். அவருக்கு ஒரே சிரிப்பு. கல்யாண நாள் போன மாதமே வந்து போனது அம்மாவுக்கும் நினைவில்லை, மகனுக்கும் நினைவில்லை. இருக்கட்டும், அதை நீங்கள் ஊருக்கு வந்ததும் பேசிக்கொள்ளலாம்.

உண்மைக் காரணம் வேறு. என்னிடம் இருப்பது கம்பெனி கொடுத்த போன். என் பழைய போன் உடைந்த பிறகு வீட்டு விஷயம், கோயில் விஷயம் எல்லாம் இதில்தான். இப்போது இதில் வருவது போவது எல்லாமே கம்பெனி கம்ப்யூட்டரில் பதிவாகிறது. எதையாவது அழித்தால், அழித்தேன் என்பதும் பதிவாகிறது. யாரோ செய்ததில்லை, நானே உட்கார்ந்து அப்படி அமைத்தேன். மற்றவர்கள் குறை சொல்லக் கூடாதென்று முதலில் என் போனிலேயே போட்டேன். சரி, அத்தை போனில் பேசலாம் என்றால் போனோடு அத்தையும் வந்து பக்கத்தில் உட்காருவார். ஸ்பீக்கர் போடாமல் அவருக்குப் பேசவே வராது. அதனால்தான் விடுப்பு முடிந்து அங்கே திரும்புகிற உங்கள் கம்பெனி செல்வகுமாரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். சனிக்கிழமைக்குள் உங்கள் கையில் சேர்த்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். மிளகாய்த்தூள் பொட்டலத்தோடு வரும். தனியாக இருக்கும்போது பிரித்துப் படியுங்கள்.

டேட்டா பாதுகாப்புப் பொறுப்பை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள் என்று உங்களிடம் பெருமையாகச் சொன்னேனே, எல்லாம் அதிலிருந்து வந்தது. அது எப்படி வந்தது என்று அப்போது நான் சொல்லவில்லை. எங்களிடம் சரக்கு வாங்குகிற ஜெர்மன் பையருக்கு நாங்கள் செய்து அனுப்பிய லேடீஸ் ஷூ, அவர்கள் கடைக்குப் போவதற்கு முன்பே வேறொரு கம்பெனி பெயரில் கண்காட்சியில் நின்றிருக்கிறது. அதே வெட்டு, அதே தையல். போட்டோவும் விவரத் தாளும் இங்கிருந்துதான் போயிருக்கின்றன, ஆளைக் கண்டுபிடித்து நடவடிக்கை எடுக்காவிட்டால் இனி ஆர்டர் கிடையாது என்று பையர் எழுதிவிட்டார். நம் முதலாளி நயீம் அகமது பாய் குரலை உயர்த்தாத மனிதர் என்று உங்களுக்கே தெரியும். அன்றைக்கு அவரே மேஜையைத் தட்டினார். ஆபீஸில் கம்ப்யூட்டர் ஒழுங்காகத் தெரிந்தவள் நான்தான் என்று என்னைக் கூப்பிட்டு, "இன்னிலேர்ந்து இது உன் பொறுப்பும்மா, யார் பண்ணாங்கன்னு எனக்குப் பேர் வேணும்" என்றார். நானும் பதவி உயர்வு கிடைத்ததுபோல் தலையை ஆட்டிவிட்டு வந்தேன், பைத்தியக்காரி.

வந்த வேகத்தில் எல்லாவற்றையும் மாற்றினேன். டிசைன் ரூம் முழுவதற்கும் ஒரே பாஸ்வேர்டு, அதையும் மானிட்டர் ஓரத்தில் எழுதி ஒட்டி வைத்திருந்தார்கள். கிழித்துப் போட்டுவிட்டு ஆளுக்கு ஒன்று கொடுத்தேன். பென் டிரைவ் கூடாது என்றேன். கேட்டில் போனைக் கொடுத்து டோக்கன் வாங்கிக்கொண்டுதான் யாரும் உள்ளே வர வேண்டும் என்றேன். சாம்பிள் ரூம் ஆட்களை உட்கார வைத்து வகுப்பு வேறு எடுத்தேன். அங்கே தைக்கிறவர்களில் மூத்தவர் என்று அத்தை முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார், மருமகள் பாடம் நடத்துகிறாள் என்று முகமெல்லாம் பூரிப்பு. புது மாடலை வெளியே யாரிடமும் காட்டக் கூடாது, வீட்டில்கூடக் காட்டக் கூடாது என்று நான் சொன்னபோது கையைத் தூக்கி, "ஆண்டவர்கிட்ட காட்டலாம் இல்லம்மா?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன்.

அந்த வாரமே பை சோதனையில் மகேந்திரன் மாட்டிக்கொண்டார். பேட்டர்ன் போடுகிற மகேந்திரன், நம் கல்யாணத்துக்கு ஏலகிரி பலாப்பழத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தாரே, அவர்தான். டிபன் பைக்குள் பென் டிரைவ், அதில் கம்பெனி பேட்டர்ன்கள். அவசர வேலையை வீட்டுக்கு எடுத்துப்போய் முடித்துக்கொண்டு வருவது அவர் வழக்கம். அவசரம் என்று கொடுத்தவர்களே இப்போது எங்களுக்குத் தெரியாது என்கிறார்கள். போதாக்குறைக்கு வேறு கம்பெனிக்கு இன்டர்வியூ போய் வந்ததும் வெளியே தெரிந்துவிட்டது. அவரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். திங்கட்கிழமை நான் அறிக்கை கொடுக்க வேண்டும். அதில் இருக்கிற பெயரின் மேல் பாய் போலீஸில் புகார் கொடுப்பார், நகல் பையருக்குப் போகும். மறைப்பானேன், மகேந்திரன்தான் செய்தார் என்று நானும் நம்பினேன். ஆள் கிடைத்துவிட்டார் என்று நிம்மதியாகக்கூட இருந்தேன்.

செவ்வாய்க்கிழமை அந்த நிம்மதி போய்விட்டது. வெளியே போன போட்டோவையே பையர் அனுப்பி வைத்தார். மேஜைமேல் ஷூ, அடியில் விவரத் தாள், ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டு இரண்டு நீல மணிகள். ஷூவில் தைக்கிற அலங்கார மணியாக இருக்கும் என்று எல்லாரும் விட்டுவிட்டார்கள். வேளாங்கண்ணியில் நீங்கள் அம்மாவுக்கு வாங்கிக் கொடுத்த செபமாலை, பரிதி. அதில் ஒரு மணி உடைந்து மூளியாக இருக்குமே, போட்டோவிலும் அது மூளியாகவே இருக்கிறது.

நம் தெருக் குடும்பங்கள் சேர்ந்து செபிக்கிற அன்பியத்துக்கு வாட்ஸ்அப் குழு இருக்கிறது இல்லையா, அதில் போய்ப் பழைய செய்திகளைத் தேடினேன். இருந்தது. புது சாம்பிளைத் தைத்து முடித்ததும் பக்கத்தில் செபமாலையை வைத்து அத்தை கண்ணை மூடிச் செபிப்பார், இது நீங்களும் பார்த்ததுதான். சாம்பிள் பாஸானால்தானே ஆர்டர் வந்து தையல் லைன் ஓடும், லைன் ஓடினால்தானே அந்தப் பெண்களுக்கெல்லாம் வேலை. முன்பு அன்பியக் கூட்டத்தில் வாயால் சொல்லி மன்றாடுவார். இப்போது கையில் போன் இருக்கிறது, அப்போது கேட்டில் தடையும் இல்லை. போட்டோ எடுத்துப் போட்டு, "இந்த சாம்பிள் பாஸ் ஆவணும், நம்ம பொண்ணுங்களுக்கு சீசன் முழுக்க வேலை இருக்கணும், எல்லாரும் செபம் பண்ணுங்க" என்று குரலும் அனுப்பியிருக்கிறார். ஆம்பூரில் ஒரு தெரு செபித்தால் நாலு கம்பெனிக்குக் கேட்கும். அந்தக் குழுவில் யாருடைய தம்பி, யாருடைய மச்சான் எந்த டிசைன் ரூமில் இருக்கிறான் என்று யார் கண்டது?

போட்டோவுக்குக் கீழே வரிசையாக ஆமென் போட்டிருந்தார்கள். மூன்றாவது ஆமென் என்னுடையது. போட்டோவைத் திறந்துகூடப் பார்க்கவில்லை நான். அத்தை ஏதோ போட்டிருக்கிறார், மருமகள் ஒரு ஆமென் போட்டுவிட வேண்டும், அவ்வளவுதான்.

அதன்பிறகு நான் தூங்கவே இல்லை. என் போனில் அதை அழிக்க முடியாது, காரணம் மேலே எழுதிவிட்டேன். அழித்தாலும் மற்ற வீடுகளின் போனில் இருக்கத்தான் போகிறது. பேசாமல் இருந்தால் மகேந்திரன் உள்ளே போவார். பேசினால் அத்தை. உங்களைப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதற்கு முன்பிருந்து தைக்கிற இடத்திலிருந்து அவரைத் திருடி மாதிரி வெளியே அனுப்புவார்கள், அந்தத் தாளில் மருமகள் கையெழுத்து இருக்கும். எந்தக் கதவைத் திறந்தாலும் அதற்கு நானே போட்ட பூட்டு தொங்குகிறது. எனக்குப் பயமாக இருக்கிறது, பரிதி. சொல்லி அழவும் ஆள் இல்லை, சொல்லக்கூடிய ஒரே ஆள் அத்தைதான்.

நேற்று மகேந்திரன் மனைவி கமலவேணி வீட்டுக்கு வந்தாள். "அக்கா, அவரு அப்படிப் பண்ற ஆளு இல்லக்கா, இன்டர்வியூக்குப் போனது நெஜம், இது சத்தியமா இல்ல" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அத்தைதான் அவளுக்கு டீ போட்டுக் கொடுத்து, தலையைத் தடவி, நான் அன்பியத்தில் சொல்லி மன்றாடுகிறேன், நீ தைரியமாகப் போ என்று அனுப்பி வைத்தார். சொன்னபடி போட்டும்விட்டார். கம்பெனிக்குத் துரோகம் செய்தவன் யாரென்று வெளியே வர வேண்டுமாம், மகேந்திரன் குடும்பத்துக்கு மானம் திரும்பக் கிடைக்க வேண்டுமாம். தெருவே ஆமென் போட்டிருக்கிறது. "நீ மட்டும் ஏம்மா இன்னும் போடல?" என்று இன்று காலை இட்லி வைத்துக்கொண்டே கேட்டார்.

நான் முடிவு செய்துவிட்டேன். நடந்ததை நடந்தபடி எழுதப்போகிறேன், அத்தை பெயரையும், அதற்குக் கீழே என் பெயரையும். பாய்க்கு மனசு உண்டு, ஆனால் பையருக்கு ஒரு பெயர் வேண்டும், என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. ஊரார் வாயால் கேட்பதற்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் நானே அத்தையிடம் சொல்லிவிடுவேன்.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். அன்று மத்தியானம் அத்தை போனுக்குக் கூப்பிடுங்கள். "ஏம்மா இப்படிப் பண்ண" என்று ஒரு சொல் உங்கள் வாயிலிருந்து வந்துவிட வேண்டாம். செபித்ததில் தப்பில்லை என்று நீங்கள் சொல்ல வேண்டும். நான் சொன்னால் வகுப்பு எடுக்கிறவள் சொல்வதுபோல் இருக்கும், மகன் சொன்னால் நம்புவார். வேலை போனாலும் நாம் எப்படியாவது சமாளித்துக்கொள்ளலாம். அவர் இனிமேல் ஒருவருக்காக வாய்விட்டு மன்றாடவே பயந்துவிட்டால் அதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. மாதா உங்களைப் பத்திரமாக வைத்திருக்கட்டும்.

உங்கள்,
மெர்சி

பி.கு. வெள்ளி காலை. அத்தை சமையலறையில் இருக்கிறார், உறையை ஒட்டுவதற்குள் இதை எழுதிச் சேர்க்கிறேன். சற்று முன் இந்தக் கடிதத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். புருஷன் பொண்டாட்டி விஷயம், பிரிக்க மாட்டேன் என்று கண்ணடித்துவிட்டு, அதன்மேல் நீலச் செபமாலையை வைத்துக் கண்ணை மூடி, "உள்ள எழுதியிருக்கறது எல்லாம் நல்லபடியா முடியணும் மாதாவே" என்று செபித்தார். முடித்துவிட்டு, நான் சொல்வதற்காக என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஆமென் என்றேன். இந்த முறை எதற்குச் சொல்கிறேன் என்று தெரிந்து சொன்னேன்.