அமாவாசையும் ஆரஞ்சு மாத்திரையும்

27-7-84, வெள்ளி

விடியும்போதே புழுதிக் காற்று. ஆடி அல்லவா. ஆற்று மணலில் ஓட்டம். கெண்டைக்கால் கல்லாக இருக்கிறது.

வேலூரில் மாவட்டத் தேர்வு ஓட்டம், பத்தாயிரம் மீட்டர். அடுத்த மாதம் 26, ஞாயிறு. முதல் மூன்று பேர் மெட்ராஸ் போகலாம். போன வருஷமும் அதற்கு முந்தின வருஷமும் தேர்வுக்கு முன்னால் சரியாகக் காய்ச்சலில் படுத்தேன். இந்த வருஷமும் படுத்தால் ஓட்டத்தையே விட்டுவிடுகிறேன், தறியோடு கிடக்கிறேன் என்று அம்மாவிடம் வாக்குக் கொடுத்தாயிற்று. வாய்க் கொழுப்பு.

சாயங்காலம் பாஷாவின் மருந்துக்கடை. பள்ளிக்கூட நாள் முதல் பழக்கம். சப்பிச் சாப்பிடும் ஆரஞ்சு மாத்திரை, வைட்டமின் சி. பச்சை நிற கேப்ஸ்யூல், வைட்டமின் ஈ.

"இது சொம்மா வைட்டமின் இல்லடா. ஆன்டி ஆக்ஸிடன்ட்டாம், கம்பெனி ஆளு சொல்லிட்டுப் போனாரு. நீ ஓடிகினே இருந்தா ஒடம்புல துரு ஏறுமாம். இது எடுத்துடும். சளி கிளி கிட்ட வராது."

துரு விஷயம் மனதுக்குப் பிடித்திருந்தது. இரண்டு புட்டி வாங்கினேன்.

28-7, சனி. ஆடி அமாவாசை

தறிக்கு லீவு. எங்கள் தெருவில் அமாவாசை அன்று ஒரு தறியும் சத்தம் போடாது. எனக்கு அதுதான் தோது, முழுக் காலையும் கையில். மாதாமாதம் நெடுந்தூர ஓட்டம் அமாவாசை அன்றுதான்.

அப்பாவுக்குப் படைத்துக் காக்கா எடுக்கும்வரை பச்சைத் தண்ணீர் தவிர ஒன்றும் கிடையாது. மாத்திரை? அம்மா கொஞ்சம் யோசித்தாள். "அது மருந்து தான, போட்டுக்கோ." மொத்தம் நாலு போட்டுக்கொண்டு சந்தவாசல் ரோட்டில் ஓடினேன். திரும்பும்போது கண் இருட்டியது. ஆனாலும் பெருமை. உச்சிவெயிலில் படையல், அதற்குப் பிறகுதான் சோறு. அவரைக்காய்ப் பொரியல் அப்பாவுக்குப் பிடிக்கும். அவர் இருந்தபோது எனக்குப் பிடிக்காது. இப்போது பிடிக்கிறது.

1-8, புதன்

தொண்டையில் முள். தும்மல்.

அம்மா ஊடை நூலைத் தார்க் குச்சியில் சுற்றியபடியே, "சேல மேல தும்மாதடா, முந்தி ஓடிகினு இருக்குது." மாம்பழ நிறம், அரக்கு முந்தி. ஆவணி முகூர்த்தத்துக்குப் போக வேண்டிய சேலை.

பாஷாவிடம் போனேன். "டோஸ் பத்தல. ஏத்து."

3-8, வெள்ளி

ஏற்றியதன் பலன். சளி நிற்கவில்லை, வயிறு நிற்கவில்லை. குழித்தறியில் உட்கார்ந்து நெய்கிறவனுக்கு வயிறு போனால் என்ன ஆகும் என்பதைக் கம்பெனி ஆள் யோசித்திருக்க மாட்டார். குழியிலிருந்து காலை எடு, பலகையைத் தாண்டு, கொல்லைக்கு ஓடு, திரும்பி வந்து இறங்கு, அறுந்த இழையைத் தேடு. மறுபடி முதலிலிருந்து. அம்மா சிரித்த சிரிப்பில் தார் கையை விட்டு உருண்டது. "வேலூருக்கு இப்பிடி ஓடினா மொதல் ஆளு நீதான்."

ராத்திரி காய்ச்சல்.

7-8, செவ்வாய்

காய்ச்சல் விட்டது. ஓடி நாலு நாள் ஆகிறது. பயம். மூன்றாவது வருஷமும் இப்படியேதானா?

ஆரஞ்சு மாத்திரைப் புட்டி பாதி காலி. நான் தொடவே இல்லை. அம்மாதான். "புளிப்பு முட்டாய் கணக்கா இருக்குது."

வாயில் ஒன்றை ஒதுக்கிக்கொண்டே சொன்னாள்: "ஒனக்கு அமாவாச போனா சளி வருது. போன மாசமும் அமாவாச முடிஞ்ச கையோட கஷாயம் வெச்சேன். அதுக்கு முந்தின மாசமும்."

கோபம் வந்தது. நிலாவுக்கும் மூக்குக்கும் என்ன சம்பந்தம்? கத்திவிட்டேன்.

8-8, புதன்

பாஷா சிரிப்பான் என்று நினைத்து இதைச் சொன்னேன். சிரிக்கவில்லை.

"அன்னிக்கி நீ இன்னா பண்ற?"

சொன்னேன். நெடுந்தூரம், வெறும் வயிறு, மத்தியானம்வரை.

"அடப்பாவி. நோம்பு மாசத்துல நான் கடை ஷட்டர் தூக்கவே ஆள் தேடுவேன். நீ அமாவாச நோம்புல சந்தவாசல் ரோட்ல ஓடிகினு கீற. தறிக்கே மாசத்துல ஒரு நாள் லீவு உடறீங்க. நீ இன்னா, தறிய விட ஒசத்தியா?"

"மாத்திரை போட்டேனே?"

"மாத்திர சோறு ஆவுமா? நான் விக்கிறவன், நானே சொல்றேன். ஒண்ணு போதும். மொதல்ல துன்னு, தூங்கு."

இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். கேட்டால், "நீ கேக்கலியே" என்றான். கழுதை.

அம்மாவுக்கு ஜாங்கிரி வாங்கிப் போனேன். பாதியைப் பிட்டு என் வாயில் திணித்தாள்.

14-8, செவ்வாய்

மேகமூட்டம். இரண்டு தூறல்.

புது ஏற்பாடு:
ஓடி வந்ததும் தலையைத் துவட்டி, சட்டை மாற்றி, இட்லி. பிறகுதான் குழி. இத்தனை நாள் ஈரப் பனியனோடு நேரே தறியில் இறங்கிவிடுவேன்.
வேர்க்கடலை, வெல்லம்.
ஞாயிறு ஓட்டம் இல்லை. தூக்கம்.
ஆரஞ்சு ஒன்று. பச்சை முடிந்தது, வாங்கவில்லை.

கால் லேசாக இருக்கிறது. ஆற்று மணலில் இன்று பறந்தேன் என்றே சொல்லலாம். சந்தோஷம்.

20-8, திங்கள்

சேலையைத் தறியிலிருந்து அறுத்துக் கொடுத்தாயிற்று. முந்தியில் ஒரு குறையும் இல்லை என்றார் முதலாளி.

காலண்டர் தாள் கிழித்தபோது அடுத்த தாள்களைப் புரட்டினேன். 26, ஞாயிறு. மூலையில் கறுப்பு வட்டம். அமாவாசை.

வெறும் வயிற்றோடு பத்தாயிரம் மீட்டர். அல்லது அப்பாவுக்கு முன்னால் நான் சாப்பிட வேண்டும். அவர் போன பிறகு ஒரு அமாவாசைகூட விட்டதில்லை. அவருக்கென்று நான் செய்வது இந்த ஒன்றுதான். விட மனம் இல்லை. ஓடாமல் இருக்கவும் மனம் இல்லை. அம்மாவிடம் எப்படிச் சொல்வது? சொல்லவில்லை.

23-8, வியாழன்

ஓட்டம் நன்று. மனசு சரியில்லை. நெய்யும்போது இரண்டு தடவை இழை விட்டுப்போயிற்று.

25-8, சனி

அம்மா அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஒரு நாள் முன்னாலேயே எதற்கு என்றேன்.

"காலீல ஆறு மணி பஸ்ஸு தான ஒனக்கு? விடியறதுக்குள்ள படச்சிடலாம்."

அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. நான்தான் ஒரு வாரமாக மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன்.

பக்கத்து வீட்டு அத்தை விடவில்லை. "உச்சிக்குத் தான் படைக்கணும். இன்னா பழக்கம் இது?"

"பாவு நூலு நீட்ற நாள்ல அவரு எப்போ சாப்ட்டாரு? வெயில் ஏறினா பட்டு அறுந்துபூடும்னு, இருட்டோட துன்னுட்டு தெருவுல நிப்பாரு. மவன் பஸ்ஸு ஏறணும்னா எழுந்து வரமாட்டாரா?"

நான் முகம் கழுவுவது போல் கொல்லைக்குப் போய்விட்டேன்.

26-8, ஞாயிறு

கிழக்கு வெளுக்கும்போது படையல். கொல்லைச் சுவரில் சோறு. அம்மா கா கா என்று கூப்பிட, தெரு நாய் ஒன்றுதான் வந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிறது. வேப்பமரத்திலிருந்து ஒரு காக்கா இறங்கியது. சோற்றைக் கிளறித் தள்ளிவிட்டு அவரைக்காயை எடுத்தது.

"வந்துட்டாரு. ஜல்தி உக்காரு, சாப்புடு."

வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

வேலூர். வெயில். முதலிரண்டு பேரை எட்டவே முடியவில்லை, மான் மாதிரிப் பையன்கள். கடைசிச் சுற்றில் எனக்கு முன்னால் ஓடிய ஒரு போலீஸ்காரரைத் தாண்டினேன். மூன்றாவது. மெட்ராஸ்! பாஷா கடையை மூடிவிட்டு வந்திருந்தான், என்னைவிட அவன்தான் குதித்தான்.

திரும்பும்போது நல்ல மழை. பஸ் ஸ்டாண்டிலிருந்து வீட்டுக்கு நனைந்துகொண்டே ஓடினேன். வாசலில் அம்மா. வாயைத் திறப்பதற்குள் நெற்றியில் கை வைத்தாள். கழுத்தில் வைத்தாள். காய்ச்சல் இல்லை என்று தெரிந்ததும் துண்டை எடுத்தாள்.

"அம்மா, மூணாவது..."

"எத்தினியாவதுன்னு அப்பறம் சொல்லு. மொதல்ல தலைய தொவட்டு."